நடுநிலைப் பள்ளி மாணவர்களும் வரலாற்று ஆய்வுப் போட்டியும்: தலைப்பு முதல் நடுவர் மேசை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒரு மாணவரிடம் வரலாற்றில் ஓர் ஆய்வு செய்யச் சொன்னால், பெரும்பாலும் அவர் ஒரு பெரிய மனிதரின் பெயரைத் தேர்ந்தெடுப்பார். பிறப்பு, கல்வி, சாதனை, மறைவு என்ற வரிசையில் நான்கு பக்கம் எழுதி, நடுவில் ஒரு படத்தை ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார். அதில் உழைப்பு இருக்கும், ஆய்வு இருக்காது. தகவலைத் தொகுப்பதற்கும், சான்றுகளை எடைபோட்டுத் தானாக ஒரு முடிவுக்கு வருவதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகள் ஐந்தாறு மாதங்களில் கடக்க முடியும். அதற்கு ஆசிரியரும் பெற்றோரும் எங்கே கைகொடுக்க வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஓர் உதாரணத்தை இறுதிவரை எடுத்துச் செல்கிறேன். 1854ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலராவும், ஜான் ஸ்னோ என்ற மருத்துவரும்தான் அது. நிகழ்வு சிறியது, சான்றுகள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய அளவில் கிடைக்கின்றன. அதைவிட முக்கியமாக, எல்லோருக்கும் தெரிந்த கதைக்கும் சான்று சொல்லும் கதைக்கும் இடையே ஒரு விரிசல் இருக்கிறது. அந்த விரிசல்தான் ஆய்வைக் கற்றுத்தர எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம்.

படி 1: விதிகளை முதலில் படியுங்கள்

போட்டி எதுவாக இருந்தாலும், தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் விதிகளை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட வேண்டும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கிளீவ்லாந்தில் தொடங்கிய ‘நேஷனல் ஹிஸ்டரி டே’ போட்டியின் விதிகள் இத்தகைய போட்டிகளுக்கு நல்ல மாதிரி. அதில் ஆண்டுதோறும் ஒரு பொதுக் கருப்பொருள் அறிவிக்கப்படும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. கட்டுரை, காட்சிப்பலகை, ஆவணப்படம், நாடக நிகழ்த்துதல், இணையதளம் என ஐந்து வடிவங்கள். கட்டுரையைத் தனியாக மட்டுமே எழுத முடியும். மற்ற நான்கையும் தனியாகவோ, இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவாகவோ செய்யலாம். கட்டுரைக்கு 1,500 முதல் 2,500 சொற்கள், காட்சிப்பலகையில் மாணவர் சொந்தமாக எழுதும் பகுதிக்கு 500 சொற்கள், இணையதளத்துக்கு 1,200 சொற்கள், ஆவணப்படத்துக்கும் நாடகத்துக்கும் தலா 10 நிமிடம் என்பது வரம்பு. மதிப்பீட்டில் 80 விழுக்காடு வரலாற்றுத் தரத்துக்கும், 20 விழுக்காடு மட்டுமே வெளிப்பாட்டின் தெளிவுக்கும் போகிறது.

அந்தக் கடைசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பளபளக்கும் தாளும் வண்ண விளக்கும் வாங்குவதற்கு ஒரு வார இறுதி முழுவதும் அலையும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் சான்றுகளுக்குப் போயிருக்க வேண்டியது.

விதிகளைப் படித்த கையோடு, போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு கால அட்டவணை போடுங்கள். இருபத்துநான்கு வாரம் இருக்கிறதென்றால், தலைப்புக்கும் கேள்விக்கும் நான்கு வாரம், வாசிப்புக்கும் சான்று தேடலுக்கும் பத்து வாரம், வாதத்தை உருவாக்க இரண்டு வாரம், படைப்பைச் செய்ய ஐந்து வாரம், திருத்தத்துக்கும் ஒத்திகைக்கும் மூன்று வாரம் என்று பிரிக்கலாம். பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்யத்தான் விரும்புவார்கள். முதல் வாரமே பலகைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படி 2: தலைப்பைச் சுருக்குதல்

‘இரண்டாம் உலகப் போர்’ என்று ஒரு மாணவர் எழுதிக் கொடுத்தால் மறுக்காதீர்கள். அதில் அவரை இழுத்தது எது என்று கேளுங்கள். விமானங்களா, சங்கேதக் குறியீடுகளா, வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட குழந்தைகளா? பதிலைப் பிடித்துக்கொண்டு இடம், காலம், ஆட்கள் என்ற மூன்றிலும் வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும். ‘நோய்களின் வரலாறு’ என்பது ‘காலரா’ ஆகி, ‘லண்டனில் காலரா’ ஆகி, ‘1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோவின் பிராட் தெருவைச் சுற்றி என்ன நடந்தது’ என்று வந்து நின்றால், இருநூறு பக்கத்தில் சொல்ல வேண்டியது பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

தலைப்பை உறுதிசெய்வதற்கு முன் மூன்று சோதனைகள் போதும். மாணவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் சான்றுகள் கிடைக்கின்றனவா? நிகழ்வு முடிந்து அதன் விளைவுகள் தெரியும் அளவுக்குக் காலம் கடந்திருக்கிறதா? இதைப் பற்றி அறிவுள்ள இரண்டு பேர் வேறு வேறு கருத்துச் சொல்ல இடமிருக்கிறதா? மூன்றாவதில் தோற்கும் தலைப்புகளே அதிகம். யாரும் மறுக்க முடியாத தலைப்பில் வாதம் பிறக்காது.

போட்டியின் பொதுக் கருப்பொருளோடு தலைப்பு பொருந்துகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கருப்பொருள் ‘திருப்புமுனை’ என்றால், எதிலிருந்து எதை நோக்கித் திரும்பியது என்பதை மாணவர் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். முடித்த படைப்பின் மீது கடைசி வாரத்தில் கருப்பொருள் சொல்லைத் தூவினால் நடுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 3: கேள்வி

தலைப்பு கேள்வியாக மாறாதவரை தேடல் தொடங்கக் கூடாது. ‘ஜான் ஸ்னோ யார்?’ என்பதற்குக் கலைக்களஞ்சியத்தின் ஒரு பத்தி விடை சொல்லிவிடும். ‘காலராவை அவர் எப்படி ஒழித்தார்?’ என்ற கேள்வி, அவர் ஒழித்தார் என்பதைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொள்கிறது. ‘காலரா நீரால் பரவுகிறது என்பதற்கு ஸ்னோ அவ்வளவு ஆதாரம் காட்டியும், அதிகாரிகள் ஏன் ஏற்கவில்லை?’ என்பது நல்ல கேள்வி. விடை ஒரே இடத்தில் கிடைக்காது. ஸ்னோவையும் படிக்க வேண்டும், அவரை எதிர்த்தவர்களையும் படிக்க வேண்டும்.

கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரும் பத்துக் கேள்விகள் எழுதட்டும். அவற்றில் எவற்றுக்கு ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும் என்று அவரே அடித்துவிடட்டும். மிஞ்சும் இரண்டு மூன்றில் ஒன்று வேலைக்கு ஆகும்.

படி 4: பின்னணி வாசிப்பு

நேரடியாகப் பழைய ஆவணங்களுக்குள் பிள்ளைகளை இறக்கிவிட்டால் திக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். முதல் மூன்று வாரம் இரண்டாம் நிலை நூல்களுக்கு, அதாவது பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எழுதியவற்றுக்கு ஒதுக்குங்கள். விக்கிப்பீடியாவைத் தடைசெய்வதில் பயனில்லை. ஊர்ப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள், கலைச்சொற்கள் ஆகியவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, பக்கத்தின் அடியிலுள்ள மேற்கோள்களைப் பிடித்து வெளியேறச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் அழுகிய பொருள்களிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள் என்பதை மாணவர் இங்கே தெரிந்துகொள்ளாவிட்டால், ஸ்னோவை மறுத்தவர்கள் எல்லோரும் அவருக்கு முட்டாள்களாகத்தான் தெரிவார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். சாக்கடை நாற்றம் அடித்த தெருக்களில்தான் மக்கள் செத்தார்கள் என்பதும் உண்மைதானே.

படி 5: முதன்மைச் சான்றை நெருங்கிப் படித்தல்

நிகழ்வின் காலத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற கடிதம், நாளிதழ்ச் செய்தி, வரைபடம், புகைப்படம், அரசு அறிக்கை, நேரில் கண்டவரின் நினைவுக் குறிப்பு ஆகியவை முதன்மைச் சான்றுகள். ஒரு பொருள் முதன்மையா, இரண்டாம் நிலையா என்பது கேள்வியைப் பொறுத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 1950இல் எழுதிய ஒரு பாடநூல் காலராவுக்கு இரண்டாம் நிலைச் சான்று. 1950இல் பள்ளிகளில் வரலாறு எப்படிக் கற்பிக்கப்பட்டது என்ற கேள்விக்கு அதுவே முதன்மைச் சான்று. பழைய கடிதத்தை இணையதளத்தில் பார்த்தால் சான்று கடிதம்தான்; இணையதளம் அதை வைத்திருக்கும் அலமாரி.

ஒவ்வொரு சான்றிடமும் கேட்க வேண்டியவை சில உண்டு. எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார், நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, எதைச் சொல்லாமல் விட்டார்? இவற்றை அட்டவணையாக அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் கட்டங்களை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வகுப்பு நேரம் முழுவதும் எல்லோரும் சேர்ந்து படிப்பதே மேல்.

காலரா பரவும் விதம் பற்றி ஸ்னோ எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 1855இல் வந்தது. அதிலுள்ள வரைபடத்தில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு. கோடுகள் வீட்டு வாசல்களில் அடுக்கப்பட்டிருக்கும். பிராட் தெருக் குழாயைச் சுற்றி (கைப்பிடியை அசைத்துக் கிணற்று நீரை இறைக்கும் பொதுக் குழாய் அது) அவை குவிந்திருப்பதை எந்தப் பிள்ளையும் உடனே பார்த்துவிடும். அதன் பிறகு, கோடுகள் இல்லாத இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்க்கு அருகிலேயே போலந்து தெருவில் 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் ஐந்தே பேர். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுவடிப்பு ஆலையில் வேலைசெய்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் காலராவால் ஒருவரும் சாகவில்லை. மாறாக, சில மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை இறந்தார். அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், தினமும் பிராட் தெருவிலிருந்து வரவழைத்துக் குடித்தவர் அவர். கெட்ட காற்றுக் கொள்கையால் இந்த மூன்றையும் விளக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, அமைதியாக இருங்கள். வகுப்பே பேசத் தொடங்கும்.

அடுத்துதான் விரிசல். ஸ்னோ செப்டம்பர் 7ஆம் தேதி இரவு உள்ளூர் நிர்வாகக் குழுவினரைச் சந்தித்தார், மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, காலரா நின்றது. பிள்ளைகள் கொண்டுவரும் கதை இது. ஆனால் அதே நூலில் ஸ்னோ, மக்கள் பகுதியைவிட்டு ஓடியதால் இறப்பு வெகுவாகக் குறைந்தது என்றும், தண்ணீரை நிறுத்துவதற்கு முன்பே நோய்த் தாக்குதல்கள் மிகவும் தணிந்துவிட்டதால் அப்போதும் கிணற்றில் நஞ்சு இருந்ததா என்று முடிவுசெய்ய இயலாது என்றும் தானே எழுதுகிறார். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் பத்தியை மூன்று முறை படித்துவிட்டு, “டீச்சர், அப்போ கைப்பிடியைக் கழற்றினதாலே நிக்கலையா? என் தலைப்பே தப்பா?” என்று கேட்டாள். அவள் தலைப்பு, ‘ஒரு கைப்பிடி காப்பாற்றிய நகரம்’. பலகையின் நடுவே பெரிய எழுத்தில் ஏற்கெனவே ஒட்டியும் விட்டிருந்தாள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். சான்று தன் கதையைக் கெடுத்துவிட்டது என்று அழும் பிள்ளைக்கு, உண்மையில் அன்றுதான் ஆய்வு தொடங்குகிறது.

எதிர்த்தரப்பையும் தேடச் சொல்லுங்கள். அரசு சுகாதார வாரியத்தின் விசாரணைக் குழு ஸ்னோவின் கருத்தை ஏற்கவில்லை. அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் ஸ்னோவை நம்பாமல், அவர் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். கடைசியில் அவரே ஸ்னோ பக்கம் சேர்ந்தார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் நோயுற்று இறந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றுக்கு அருகிலிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்தவரும் அவர்தான். மனம் மாறிய ஒரு சாட்சி, தொடக்கத்திலிருந்தே ஒத்துக்கொண்ட பத்துச் சாட்சிகளைவிடப் பயனுள்ளவர்.

படி 6: குறிப்பெடுத்தல்

ஒரு குறிப்பட்டைக்கு ஒரு செய்தி மட்டும். மேலே சான்றின் பெயரும் பக்க எண்ணும். நடுவே மாணவரின் சொந்தச் சொற்களில் செய்தி. கீழே ‘இது என் கேள்விக்கு எப்படி உதவுகிறது’ என்று ஒரு வரி. கடைசி வரியை எழுத முடியாத அட்டையைத் தனியே ஒதுக்கிவிடலாம். நூலை மூடிவைத்துவிட்டு எழுதச் சொன்னால், அப்படியே நகலெடுக்கும் பழக்கம் பெருமளவு குறையும். சொற்களை அப்படியே எடுக்க வேண்டியிருந்தால் மேற்கோள் குறியை அட்டையிலேயே போட்டுவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து எது யாருடைய வாக்கியம் என்று யாருக்கும் நினைவிருக்காது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உலகிலேயே இல்லாத நூல்களையும் இருப்பதுபோலக் காட்டிவிடும். அவை தரும் எந்தச் சான்றையும் மாணவர் தன் கண்ணால் பார்க்காதவரை அட்டையில் ஏற்றக் கூடாது. அவற்றைப் பயன்படுத்தலாமா என்பதற்குப் போட்டியின் விதியே பதில்.

படி 7: வாதத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுதல்

அட்டைகளைத் தரையில் பரப்பிக் குவியல்களாகப் பிரித்த பிறகுதான் வாதம் பிறக்கும். அந்த மாணவியின் முதல் வாக்கியம், ‘ஜான் ஸ்னோ ஒரு சிறந்த மருத்துவர்’ என்றிருந்தது. இரண்டாவது, ‘ஸ்னோ வரைபடம் வரைந்து காலராவைக் கண்டுபிடித்தார்’. இதில் செயல் இருக்கிறது, தவறும் இருக்கிறது. காலராக் கிருமியை அதே 1854இல் இத்தாலியில் பிலிப்போ பாச்சினி கண்டிருந்தார். அதுவே நோய்க்குக் காரணம் என்று 1883–84இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் நிறுவிய பிறகே உலகம் பரவலாக ஏற்றது. அவள் வந்து நின்ற வாக்கியம் இது: ‘1854இல் குழாயின் கைப்பிடியைக் கழற்றியது கொள்ளைநோயை நிறுத்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இறப்புகளை இடம்வாரியாக எண்ணி நோயின் காரணத்தைத் தேடும் முறையை ஸ்னோவும் வைட்ஹெட்டும் காட்டியது, காற்றைக் குறைசொன்ன மருத்துவத்தைத் தண்ணீரை நோக்கித் திருப்பத் தொடங்கியது.’ நீளம்தான், ஆனால் ‘ஏன்’, ‘எப்படி’, ‘அதனால் என்ன’ மூன்றுக்கும் அதில் இடமிருக்கிறது, மறுத்துப் பேசவும் வழியிருக்கிறது.

‘அதனால் என்ன’ என்பதற்கு நிகழ்வோடு நின்றுவிடாமல் பின்விளைவுக்கும் போக வேண்டும். கெட்ட காற்றுக் கொள்கையை நம்பியிருந்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், 1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது தண்ணீரையே குற்றம்சாட்டினார். ஸ்னோ அதைப் பார்க்கவில்லை. அவர் 1858இலேயே இறந்துவிட்டார்.

படி 8: வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

வடிவத்தை வாதம் தீர்மானிக்க வேண்டும். பிள்ளையின் ஆசைக்கு அடுத்த இடம். வரைபடமும் பொருள்களும் பேசக்கூடிய தலைப்பு காட்சிப்பலகைக்கு ஏற்றது. அசையும் படமும் குரல்பதிவும் கிடைக்கும் இருபதாம் நூற்றாண்டுத் தலைப்புகள் ஆவணப்படத்துக்கு நன்றாக வரும். 1854க்கு ஆவணப்படம் செய்தால் அதே நான்கு படங்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டு தரப்புகள் மோதும் தலைப்புக்கு நாடகம் பொருந்தும், ஆனால் கற்பனை உரையாடல் சான்றைத் தாண்டி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரையை ‘சலிப்பு’ என்று பிள்ளைகள் ஒதுக்குவார்கள். எழுத்து வசப்பட்ட பிள்ளைக்கு அதைவிடச் சிக்கனமான வடிவம் வேறில்லை.

காட்சிப்பலகையில் 500 சொல் வரம்பு கடுமையானது. வாசகர் மூன்று அடி தூரத்தில் நின்று வாதத்தை முதலில் பார்க்க வேண்டும். சான்று அதற்கு அடுத்து. அலங்காரம் மிஞ்சிய இடத்தில்.

குழுவாகச் செய்தால், யார் எதைச் செய்கிறார் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். வேலையைப் பிரிக்கலாம், வாசிப்பைப் பிரிக்கக் கூடாது. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் ஸ்னோவைப் படித்திருந்தால், நடுவரின் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

பெற்றோரின் எல்லையும் இங்கேதான் தெளிவாக வேண்டும். மாணவர் வடிவமைத்த பலகையை அறுத்துக்கொடுப்பது, நூலகத்துக்கு அழைத்துப்போவது, எழுதியதைப் படித்துவிட்டு “இந்த வரி எனக்குப் புரியவில்லை” என்று சொல்வது உதவி. அந்த வரியைத் தானே திருத்தி எழுதுவது உதவியல்ல.

படி 9: குறிப்புரையுடன் சான்றுப் பட்டியல்

சான்றுகளை முதன்மை, இரண்டாம் நிலை என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். ‘இது மிகவும் பயனுள்ள நூல்’ என்று எழுதுவது வீண். ‘கைப்பிடி பற்றிய என் கருத்தை மாற்றியது இந்த நூல், இறப்பு எண்ணிக்கையையும் இதிலிருந்தே எடுத்தேன்’ என்பது குறிப்புரை. படிக்கும்போதே இதை எழுதி வந்தால் ஒரு மணி நேர வேலை; கடைசி இரவில் எழுதினால் வீட்டில் சண்டை. தலைப்பை எப்படித் தேர்ந்தெடுத்தோம், எப்படி ஆய்ந்தோம், வாதம் என்ன என்பதைச் சொல்லும் செயல்முறை அறிக்கையையும் சில போட்டிகள் கேட்கும். தோற்ற வழிகளையும் அதில் மறைக்காமல் எழுதலாம்.

படி 10: நடுவர் நேர்காணல்

மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்கவிடாதீர்கள். இடையில் ஒரு கேள்வி வந்தால் சீட்டுக்கட்டுபோலச் சரிந்துவிடும். தலைப்பைப் பற்றி எதுவும் அறியாத ஒரு பெரியவரை அழைத்துவந்து பத்து நிமிடம் கேள்வி கேட்கவையுங்கள். உனக்கு மிகவும் உதவிய சான்று எது? உன் வாதத்துக்கு எதிரான சான்று எது? இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் எதைத் தேடுவாய்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்லும் பிள்ளை மற்றவற்றுக்கும் சொல்லிவிடும். தெரியாததைத் “தெரியவில்லை, அதைத் தேடவில்லை” என்று சொல்லும் பயிற்சியும் வேண்டும். நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை, சமாளிப்புக்குத்தான் குறைக்கிறார்கள்.

முடிவு வந்த அன்று பிள்ளைகளிடம் எதுவும் பேச வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து நடுவர்களின் குறிப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அடுத்த சுற்றுக்குத் தகுதிபெற்றிருந்தால், பல போட்டிகளில் இடையில் திருத்தம் செய்ய அனுமதி உண்டு. குறிப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம்: உடனே சரிசெய்யக்கூடியவை, இன்னொரு சான்று தேட வேண்டியவை, மாணவர் ஒத்துக்கொள்ளாதவை. மூன்றாவது வகைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பத்தி எழுதட்டும். அந்த மாணவியின் தாளில் ஒரு நடுவர், கைப்பிடிக் கதையைப் பலகையில் சேர்த்திருந்தால் இன்னும் கவர்ச்சியாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தார். அவள் எழுதிய பத்தி ஒன்றரைப் பக்கம் வந்தது.